தொட்டிலறைக்கு ஆள் வந்தது

மதுரையில் ஓர் அரசு குழந்தைகள் இல்லத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எழுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். கோரிப்பாளையத்துக்கு வடக்கே ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் அது. முன்னால் அலுவலகம், பின்னால் பெரிய பிள்ளைகள் படுக்கும் கூடம், அதற்கும் பின்னால் கைக்குழந்தைகளும் தவழும் குழந்தைகளும் இருந்த அறை. அதைத் தொட்டிலறை என்போம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், இருந்தும் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள், போலீஸ்காரர் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகள் என்று எப்போதும் இடத்துக்கு மேலேதான் இருப்பார்கள். பார்த்துக்கொள்ளும் ஆட்கள் எப்போதும் குறைவு.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். மேற்கே மானாவாரி விவசாயம் பார்த்த குடும்பம். அண்ணன் தம்பிகளுக்கு நிலம் பற்றாது என்று என்னை உத்தியோகத்துக்கு அனுப்பினார்கள். முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. பெண்களிடம் என்றால் இன்னும் மோசம். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஆயாக்களுக்கு ட்யூட்டி போடும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஆயாக்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ட்யூட்டி சார்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு படம் வரைந்திருப்பேன். தாமரை, குடம், கிளி, மாங்காய் என்று அவரவர் கேட்டதைப் போட்டுக் கொடுத்தேன். மூத்த ஆயா கேட்டது யானை. வாட்டசாட்டமான பெண்பிள்ளை. வாய் ஓயாது.

"சும்மா சொல்லப்படாதுண்ணே, தும்பிக்கைய நல்லாத்தேன் வளைச்சிருக்கீக. ஆனா அந்த யானைய ஒரு நாளாச்சும் படுக்க விடுங்க" என்பார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆள் இல்லம்மா" என்பேன்.

"ஏடி, அண்ணன் தரையவே பாத்துப் பேசுறாகளே, அடுத்த வாரம் டூட்டி தரைக்குத்தேன் போலருக்கு" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வரும். வெளியே வராது.

திங்கட்கிழமைதோறும் சார்ட் மாறும். தொட்டிலறையில் இருந்தவர் சமையலுக்கு, சமையலில் இருந்தவர் துணி துவைக்க, துவைத்தவர் பெரிய கூடத்துக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த ஆயாவும் ஒரே அறையில் தங்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு அது. நான் சேர்வதற்கு முன்னால் ஓர் ஆயா ஒரு பையனை மூன்று வயதிலிருந்து வளர்த்தாராம். பெரியவனானதும் அவனை வேறு ஊரில் இருந்த பையன்கள் இல்லத்துக்கு மாற்றினார்கள். பஸ் ஏற்றும்போது அந்த அம்மா படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நடுரோட்டில் பெரிய ரகளையாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த உத்தரவு. பிள்ளையும் ஆளோடு ஒட்டக் கூடாது, ஆளும் பிள்ளையோடு ஒட்டக் கூடாது. ஒட்டாமல் இருப்பதற்காகவே நான் வாரா வாரம் யானையையும் கிளியையும் இடம் மாற்றினேன்.

இருந்தவர்களை மாற்றுவது ஒரு பாடு. இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? ஓர் ஆயா ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. இன்னொருவர் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்கும் வரவில்லை. சித்திரைத் திருவிழா வந்தால் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் ஒருவர்கூட நிற்க மாட்டார்கள். அந்த வாரம் முழுக்கக் கோரிப்பாளையத்து முஸ்லிம் ஆயா ஒருவர்தான் தொட்டிலறையைத் தாங்குவார். "அழகர் ஆத்துல எறங்குவாரு, நான் இங்கன எறங்கணும். எங்க பெருநாளைக்கு மட்டும் யாரும் எறங்குறதில்ல" என்று சொல்லிக்கொண்டே இரண்டு இடுப்பிலும் பிள்ளையை வைத்துக்கொண்டு நடப்பார்.

மாதக் கடைசியில் காலிப் பணியிட விவரம் என்று ஒரு தாள் அனுப்ப வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, காலி எத்தனை. கீழே குறிப்பு எழுத நாலு வரி இடம் இருக்கும். முன்பு இருந்தவர்கள் அதை வெறுமனே விட்டிருந்தார்கள். பேச வராத நான் அந்த நாலு வரியில்தான் பேசினேன். 'தொட்டிலறையில் ஒருவரே பணிபுரிவதால் குழந்தைகளுக்கு உரிய நேரத்தில் பால் புகட்ட இயலவில்லை.' 'படுத்த நிலையிலேயே இருப்பதால் குழந்தைகளின் பின்னந்தலை தட்டையாகிறது.' 'இம்மாதம் இரண்டு குழந்தைகள் இறந்துள்ளன. ஆயா இருவரை உடன் நியமிக்கக் கோரப்படுகிறது.' வருஷக்கணக்காக எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று எப்போதாவது ஒரு கடிதம் வரும். பல மாதங்கள் அதுவும் வராது.

இப்படி இருக்கும்போதுதான் பரவைக்காரம்மா வந்தார்.

இல்லத்துக்குக் காய்கறி பரவைச் சந்தையிலிருந்து மாட்டுவண்டியில் வரும். மூட்டை இறக்க வண்டிக்காரர் ஒரு பெண்ணைக் கூட்டிவருவார். பரவைக்குப் பக்கத்தில் காலனியில் குடியிருந்தவர். நிலம் கிடையாது. நடவு, களை இருந்தால் வயல்வேலை, இல்லாத நாளில் சந்தையில் சுமை. ஒருநாள் அவர் கத்திரிக்காய்க் கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது தொட்டிலறையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தின. ட்யூட்டியில் இருந்த ஆயா வயிற்றுப்போக்கில் இருந்த பிள்ளையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, உன் கைல அழுக்கு இல்லாட்டி இதச் செத்த பிடி" என்று மூத்த ஆயா ஒரு பிள்ளையை அவரிடம் நீட்டினார்.

அவர் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவிவிட்டு வாங்கினார். வண்டி போகும் நேரம்வரை திருப்பிக் கொடுக்கவில்லை. பிள்ளை அழவும் இல்லை. எங்கள் கண்காணிப்பாளர் அம்மா இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, சில்லறைச் செலவில் தினக்கூலியாக அந்த அம்மாவைப் போட முடியுமா என்று கேட்டார். போடலாம், ஆனால் சார்ட்டில் வர முடியாது என்றேன். தினக்கூலி ஆட்களுக்கு ட்யூட்டி எழுதக் கூடாது.

சார்ட்டில் வராததால் அவருக்குச் சுற்றும் கிடையாது. மற்ற ஆயாக்கள் வாரா வாரம் மாறினார்கள். பரவைக்காரம்மா மட்டும் தொட்டிலறையிலேயே இருந்தார். ஆளே இல்லாத கணக்கில் இருந்த ஓர் ஆள்தான் அங்கே நிரந்தரமாக இருந்தது. யாரும் இதை யோசித்துச் செய்யவில்லை. அது பாட்டுக்கு அப்படி அமைந்துவிட்டது.

"எல்லாருக்கும் படம் போட்டிருக்கீக, எனக்கு ஒண்ணு கெடையாதாண்ணே?" என்று ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

மூத்த ஆயா விடுவாரா? "அவளுக்கு ஒரு கத்திரிக்காய வரைஞ்சு விடுங்கண்ணே. காம்போட."

அன்றிலிருந்து கத்திரிக்கா என்பதே அவர் பெயராகிவிட்டது. கூப்பிட்டால் அவரும் கோபப்பட மாட்டார். "என்னா யானை?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

அந்தப் பிள்ளை வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் கிடந்தது என்று போலீஸ்காரர் தூக்கிவந்தார். பெண் குழந்தை. இரண்டு வயது இருக்கும். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் நிற்காது, பேசாது, யார் தூக்கினாலும் கட்டைபோல விறைத்துக்கொள்ளும். ஜன்னலோரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். சோறு ஊட்டினால் வாயிலேயே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து வழிந்துவிடும். நாளுக்கு நாள் இளைத்தது. அப்படி வந்து இளைத்த பிள்ளைகள் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெளியே சொல்ல மாட்டோம். டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் வியாதி இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரவைக்காரம்மா அதைத் தூக்கவில்லை. துவைத்து உலர்ந்த துணிகளைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மடித்தார். தினமும் மத்தியானம் அதே இடத்தில் அப்படியே உட்கார்வார். நான் ஸ்டோர் ரூமுக்குப் போகும்போது பார்ப்பேன். பிள்ளை சுவரைப் பார்த்திருக்கும், இந்த அம்மா கதவைப் பார்த்திருப்பார். நடுவில் ஒரு சாண் இடம் இருக்கும். பல வாரங்கள் அப்படித்தான் போயிற்று. பிறகு ஒருநாள் பார்த்தேன், நடுவில் இடம் இல்லை. பிள்ளை பின்னால் சாய்ந்து அந்த முதுகில் முதுகை வைத்திருந்தது. அந்த அம்மா மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, பேச வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

அதற்குப் பிறகு பிள்ளை திரும்பியது. மடியில் உட்கார்ந்தது. அவர் கையால் மட்டும் சோறு உள்ளே போயிற்று. ஒவ்வொரு வாய்க்கும் "இந்தா" என்பார் அவர். ஒருநாள் பிள்ளை தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து அவர் வாயருகே நீட்டி, "ந்தா" என்றது.

"அண்ணே! கிளார்க்கண்ணே! ஓடியாங்க, பேசிருச்சு!" என்று மூத்த ஆயா போட்ட சத்தத்தில் நான் பேனாவோடு ஓடினேன். கண்காணிப்பாளர் அம்மாவும் வந்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றதும் பிள்ளை பயந்து முகத்தை அந்த அம்மா சேலைக்குள் புதைத்துக்கொண்டது. நான் அந்த இல்லத்தில் சந்தோஷப்பட்ட நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். வேறு நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த மாதக் கடைசியிலும் வழக்கம்போல ஆயா இருவரை உடன் நியமிக்கக் கோரி எழுதினேன். தொட்டிலறையில் மற்றப் பிள்ளைகளும் இருந்தார்களே. ஒருத்தர் எத்தனை முதுகைக் கொடுக்க முடியும்?

இரண்டு மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலிலிருந்து இரண்டு பேரை ஆயாவாக நியமித்திருந்தார்கள். கவரைப் பிரித்ததும் பெயர்களைத்தான் பார்த்தேன். எழுதி எழுதி ஓர் ஆள் வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

கண்காணிப்பாளர் அம்மாவிடம் கொண்டுபோனேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கண்டிப்பானவர், பிள்ளைகளுக்கு வாங்கிய பாலில் தன் காப்பிக்கு ஒரு சொட்டு எடுக்காதவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க லெட்டருக்குப் பதில் வந்திருச்சு சார்."

"ஆமா மேடம்."

"ரெண்டாவது பாராவைப் படிச்சீங்களா?"

நான் படிக்கவில்லை. பெயர்களைப் பார்த்ததோடு ஓடிவந்திருந்தேன். காலியிடங்கள் நிரப்பப்படுவதால் தினக்கூலிப் பணியாளர்களை உடனடியாக விடுவித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது.

"மேடம், அந்தப் பிள்ளை..."

"தெரியும் சார். நானும் தினம் பாக்கறேன்."

"புதுசா வர்றவங்கள்ல ஒருத்தரையாச்சும் தொட்டிலறையிலயே வச்சிருக்கலாமா? மாத்தாம?"

அவர் கண்ணாடியை முந்தானையில் துடைத்தார். "ஒரு ஆள் மேல பிள்ளை சாய்ஞ்சா, அந்த ஆள் போறப்ப என்ன ஆகும்னு இப்ப பாக்கப் போறோமே. அதுக்குத்தானே சார் மாத்தச் சொல்லியிருக்காங்க" என்றார்.

அவர் சொன்னது தப்பு என்று எனக்குப் பட்டது. ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று இன்றுவரை சொல்ல என்னால் முடியவில்லை.

அந்த இரண்டு இடங்களில் ஒன்றைப் பரவைக்காரம்மாவுக்கே வாங்க முடியுமா என்று அதற்கு முன்பே விசாரித்திருந்தேன். அவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர் இல்லை. பதியப் போனால் வயது தாண்டிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி வேறு. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அதே பதில்தான் உட்கார்ந்திருந்தது.

புது ஆயாக்கள் சேர்ந்த வாரம் மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அவரிடம் பேசுவது என்று தீர்மானித்தேன். முதல் நாளிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் கண்காணிப்பாளர் அம்மா என்னை அறிமுகம் செய்தார்.

"ஓ, மாசா மாசம் ஸ்டேட்மென்ட்ல குறிப்பு எழுதுறவர் நீங்கதானா?" என்று அவர் சிரித்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஆள் இல்லை, ஆள் இல்லைன்னு எங்க பிராணனை வாங்கினீங்களே. கடைசியில நானே மெட்ராஸ் போய் நின்னு வாங்கிட்டு வந்தேன். திருப்திதானே?"

"சார்" என்றேன். பிள்ளை வந்த கதை, முதுகு, சோறு, பேசிய ஒரு சொல், எல்லாவற்றையும் சொன்னேன். மேஜையில் அவர் முன்னால் இருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். என் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். எழுந்து, "வாங்க, பாப்போம்" என்றார். தொட்டிலறைக்கு வந்து அந்தப் பிள்ளையின் முன்னால் குனிந்து கையை நீட்டினார். பிள்ளை விறைத்துப்போய் பரவைக்காரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"புரியுது" என்றார். நல்ல மனிதர்தான். "ஆனா போஸ்ட் ரெண்டுதான். ரெண்டும் நிரம்பியாச்சு. மூணாவது ஆளுக்கு நான் எதுல இருந்து சம்பளம் கொடுக்கறது, சொல்லுங்க?"

பரவைக்காரம்மாவுக்கு அதுவரை யாரும் விஷயத்தை நேராகச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எல்லாம் புரிந்துதான் இருந்தது. பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்பன்னா நான் இதத் தூக்கிட்டுப் போயிரவா சாமி?"

"உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"நாலு. அஞ்சாவதா இதும் கெடந்துட்டுப் போகுது."

"வீடு?"

"கூரைதேன். ஒழுகாது சாமி, போன வருசந்தேன் ஓலை மாத்துனோம்."

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"வேலை இருந்தா போவாரு."

அதிகாரி கண்காணிப்பாளர் அம்மாவைப் பார்த்தார். கண்காணிப்பாளர் அம்மா ஜன்னலைப் பார்த்தார். "இல்லம்மா. கோர்ட்டு உத்தரவு வேணும், வசதிச் சான்று வேணும். உனக்குக் கொடுக்க மாட்டாங்க" என்றார் அதிகாரி. குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தோடே ஜீப்பில் ஏறிப் போனார்.

கடைசி நாளன்று பரவைக்காரம்மா வழக்கம்போல வந்து வழக்கம்போலத் துணி மடித்தார். மத்தியானம் அந்தப் பிள்ளைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். பிள்ளை சாய்ந்தபடியே தூங்கியது. அவர் ஒரு கையைப் பின்னால் நீட்டி, மடித்த போர்வை ஒன்றைச் சுருட்டி, தன் முதுகுக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் பைய நுழைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து எழுந்தார். பிள்ளை போர்வையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

என் மேஜைக்கு வந்தார். மூத்த ஆயா கூடவே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது முழிச்சா புளிப்பு கிளிப்பு ஒண்ணும் குடுக்க வேணாம்னு சொல்லிருங்கண்ணே. மோர்ச்சோறு மட்டும். வாரேன்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். தினக்கூலி ஆளுக்கு எழுந்து நிற்பது வழக்கம் இல்லை. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிள்ளை எழுந்து திரும்பிப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. அந்தப் பிள்ளை அவ்வளவு பெரிதாகக் கத்தும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

புது ஆயாக்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் கொஞ்சம் வயதானவர், பொறுமைசாலி. இன்னொருவர் கல்யாணமாகி ஆறேழு மாதமான பெண், எட்டாவது வரை படித்தவர். வாந்தியைக் கண்டால் தனக்கும் குமட்டும் என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாவது துடைப்பார். ஒருவருக்கு மயில் வரைந்தேன், ஒருவருக்கு ரோஜாப்பூ. இரண்டு பேரும் அந்தப் பிள்ளையை மடியில் வைத்து ஊட்டப் பார்த்தார்கள். மூத்த ஆயா முதுகைக் காட்டி உட்கார்ந்துகூடப் பார்த்தார். "நம்ம முதுகு அகலம், சொவருன்னு நெனச்சுக்கிருச்சு போல" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் எழுந்து போனார்.

திங்கட்கிழமை வந்தால் சார்ட் மாறியது. மயில் சமையலுக்குப் போக, கிளி தொட்டிலறைக்கு வந்தது. அடுத்த வாரம் குடம். பிள்ளைக்கு ஒரு முகம் பழகுவதற்குள் அடுத்த முகம் வந்தது. சோறு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். செத்துவிடும் என்றுதான் நினைத்தோம். சாகவில்லை. திரும்பி வந்தது. மெல்ல மெல்லத் தானாகச் சாப்பிட்டது. சுவரைப் பிடித்து நின்றது, நடந்தது. அழுகையை நிறுத்திவிட்டது.

இதற்கிடையில் புதிதாக வந்தவர்களில் சின்னவரை மாற்றுப்பணி என்று வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அலுவலகம் என்பது பெயருக்கு. ஓர் அதிகாரி வீட்டில் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. சம்பளம் எங்கள் இல்லத்துக் கணக்கில், வேலை அந்த வீட்டு அடுப்படியில். சார்ட்டில் ரோஜாப்பூ அப்படியே இருந்தது, தொட்டிலறையில் ஆள் இல்லை. ஆனால் இப்போது அந்த இடத்தைக் காலி என்று எழுத முடியாது. நிரம்பிய இடம் அது. காலி இல்லாத இடத்துக்குத் தினக்கூலி ஆள் கேட்கவும் முடியாது. முன்பாவது இல்லை என்று எழுத ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த இடமும் போய்விட்டது. கண்காணிப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். "நான் ரெண்டு தடவை எழுதிட்டேன் சார்" என்றார்.

அந்த ஐப்பசி மழை முடிந்து ஒருநாள் காய்கறி வண்டியோடு பரவைக்காரம்மா வந்தார். வழக்கமாக வருகிற சுமைக்காரிக்கு உடம்பு சரியில்லை, ஒருநாளைக்கு மட்டும் என்று வண்டிக்காரரிடம் கேட்டுத் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏ, கத்திரிக்கா வந்துட்டாடோய்!" என்று மூத்த ஆயா கத்தினார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அலுவலக வாசலுக்கு வந்து நின்றேன்.

வண்டிச் சத்தம் கேட்டு அந்தப் பிள்ளை முற்றத்துக்கு நடந்து வந்தது. நன்றாக நடந்தது. நேராக வண்டிக்காரரிடம் போய் இரண்டு கையையும் தூக்கியது. அவர் சிரித்துத் தூக்கி இறக்கிவிட்டார். அடுத்து, காய் எடுக்க வந்த சமையல்காரரிடம் கையைத் தூக்கியது. அதற்கு அடுத்து பரவைக்காரம்மாவிடம் வந்து, அதே மாதிரி, இரண்டு கையையும் தூக்கியது.

அவர் தூக்கினார். முகத்தோடு முகத்தை வைத்துப் பார்த்தார். பிள்ளை அவர் தோளுக்கு மேலே கத்திரிக்காய் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாருகிட்டயும் போகுது" என்றார்.

"ஆமாடி. இப்ப யாரு தூக்குனாலும் அழுகுறதில்ல. வர்ற ஆபீசருக எல்லாம் எம்புட்டு நல்ல பிள்ளைன்னு சொல்றாக" என்றார் மூத்த ஆயா.

பரவைக்காரம்மா மடியிலிருந்து வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துப் பிட்டு, "இந்தா" என்றார். பிள்ளை வாங்கித் தின்றது. இன்னும் இருக்கிறதா என்று அவர் கையைப் பார்த்தது. இருந்ததையும் கொடுத்தார். அவர் வாயருகே எதுவும் நீளவில்லை.

பிள்ளையைக் கீழே விட்டார். முற்றத்து ஈரத்திலேயே உட்கார்ந்து அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பிள்ளை அந்த முதுகைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றது. கிழங்கை மென்றுகொண்டே நின்றது. அப்போது சமையல்காரர் பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அது அவர் பின்னால் போய்விட்டது.

பிள்ளை போனது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூத்த ஆயாதான் தோளில் கையை வைத்து, "எந்திரிடி" என்றார்.

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். மிச்சக் கூடைகளை இறக்கினார். போகும்போது என்னைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீகண்ணே" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இருந்த மாதிரி தெரியவில்லை. வண்டி கேட்டைத் தாண்டும்வரை நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

அன்று மாதக் கடைசி. உள்ளே போய் விவரத் தாளை எடுத்தேன். அனுமதிக்கப்பட்ட இடமும் நிரம்பிய இடமும் ஒரே எண். காலி என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். குறிப்புக்கான நாலு வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெறுமனே விட்டேன்.

மையொற்றும் தாளை வைத்து அழுத்தும்போது வாசலில் நிழல் தெரிந்தது. அந்தப் பிள்ளை நின்றிருந்தது. வாயோரத்தில் கிழங்கு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது. நான் அங்கே ஒரு பிள்ளையையும் அதுவரை தூக்கியதில்லை. போய்த் தூக்கினேன். கனமே இல்லை. விறைக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. என் தோளுக்கு மேலே, வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.